டாக்டரம்மாவின் கார்டு

மதியம் இரண்டு மணிக்கு பாய்லரைப் போடச் சொல்வதற்கு முன்னால் எங்கள் லாண்டரி மேனேஜர் என் முகத்தைத் தேடுவார். அழகைப் பார்க்க அல்ல. முதலுதவிக் கார்டு வைத்திருக்கும் ஆள் ஒருவர் உள்ளே இல்லாமல் நீராவி ஓடக்கூடாது என்பது சட்டம். காலை ஷிஃப்ட்டுக்கு ஆபீஸ் கிளார்க் இருக்கிறார். இரண்டு மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டிலிருந்து பத்து வரை நாற்பத்திரண்டு பேருக்கு நான் ஒருத்திதான். நான் வந்தால் பாய்லர் எரியும், வராவிட்டால் எரியாது. இதை வீட்டிலும் தெருவிலும் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்த வாயில்தான் அடி போட வேண்டும்.

கார்டு வைத்திருப்பவர் ஷிஃப்ட் முடியும்வரை வளாகத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. மற்றவர்கள் கேட்டைத் தாண்டிப் போய் டீ குடிப்பார்கள், போனில் சண்டை போடுவார்கள், சும்மா காற்று வாங்குவார்கள். நான் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். லீவு கேட்டால் மேனேஜர் சிரிப்பார். காய்ச்சலோடு வந்திருக்கிறேன், பல்வலியோடு வந்திருக்கிறேன். ஒருமுறை கழிவறையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது, சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டி, "டாக்டரம்மா, உள்ளதான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

கார்டுக்கு இரண்டு வருடம் ஆயுள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய், பொம்மையின் நெஞ்சை அழுத்தி, கட்டுப் போட்டுக் காட்டி, பரீட்சை எழுதிப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை புதுப்பித்துவிட்டேன். இரண்டாவது முறைக்கு இந்த மாதக் கடைசி கெடு. இந்தத் தடவை மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

காரணம் என் மகள். ஏழாவது படிக்கிறாள். அவள் அப்பா லாரியில் போனால் திரும்பப் பத்து நாளாகும். நான் ஒன்றேகாலுக்குக் கிளம்புவேன், அவள் மூன்றரைக்குப் பள்ளி விட்டு வருவாள். நான் வீடு திரும்பும்போது தூங்கியிருப்பாள். காலையில் அவளுக்கு அவசரம், எனக்குத் தூக்கக் கலக்கம். இப்படியே நாலு வருடம் ஓடியது. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கும் வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். மேல்வீட்டுக்காரி ஒருநாள் படியில் நிறுத்திச் சொன்னாள்:

"தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு ஸ்கூல் விட்டு வீட்டுக்கே வர்றதில்ல. மெயின் ரோட்டுல இருக்கே பஸ் ஸ்டாப், அங்கதான் உக்காந்திருக்கா. எட்டு மணிக்குத்தான் வர்றா. நானும் ஒரு வாரமா பாக்குறேன்."

அந்த பஸ் ஸ்டாப் எங்கள் லாண்டரியிலிருந்து பத்து நிமிட நடை. நான் உள்ளே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, என் பிள்ளை பத்து நிமிடத் தொலைவில் தெருவில் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் காலை அவளைப் பிடித்துக் கேட்டேன். அவள் ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே சொன்னாள்:

"வீட்டுல யாரும் இல்லையே. அங்க ஆளுங்க இருக்காங்க."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்றே மேனேஜரிடம் போய்க் காலை ஷிஃப்ட் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குப் பயந்து பயந்தே தலைமுடி கொட்டிப்போனவர்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலம்மா. மதியத்துக்கு வேற ஒரு கார்டைக் காட்டுங்க, நாளைக்கே மாத்திடறேன்."

"நான் புதுப்பிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"பாய்லர் நிக்கும். ஷிஃப்ட் நிக்கும். நாப்பத்திரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். ஏன்னு கேப்பாங்க. அதை நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுங்க."

அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. புதுப்பிக்காமல் தப்ப முடியாது என்று புரிந்து எழுந்து வந்துவிட்டேன்.

வேறு ஆட்களைக் கம்பெனி வகுப்புக்கு அனுப்பாமல் இல்லை. எல்லோரும் என் நிலைமையைக் கண்ணால் பார்க்கிறார்கள், அதனால் பொறுப்பாகத் தோற்றுவிட்டு வருவார்கள். தள்ளுவண்டி அண்ணன் நெஞ்சை விட்டுவிட்டுப் பொம்மையின் வயிற்றை அமுக்கினார். இஸ்திரி மெஷின்காரி தீக்காயத்துக்குப் பற்பசை தடவ வேண்டும் என்று எழுதினாள். பேக்கிங்கில் இருக்கும் ஒருத்தன் காயம் மாதிரி வரைந்த படத்தைப் பார்த்தே மயங்கி விழுந்தானாம். பொம்மையை விட்டுவிட்டு அவனுக்கு முதலுதவி செய்தார்களாம். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே வந்து சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்ய.

ஆனால் ஒருத்தி தோற்கவில்லை. அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நிற்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிப்பாள், இரண்டு மூலையை நான் பிடிப்பேன். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை என்றால் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் ஓரம் அக்கா. நாலு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் அந்த வகுப்புக்குப் போனோம், ஒன்றாகத்தான் தேறினோம். திரும்பி வந்து இரண்டு மாதத்தில் பிரஸ் ஓட்டுகிறவர் கையை நீராவி சுட்டுவிட்டது. நான் அவர் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரையும் எண்ணெய் தடவ விடவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் போனில் மேனேஜரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அன்றிலிருந்து எனக்கு டாக்டரம்மா என்று பெயர். அது தலைக்கு ஏறிவிட்டது.

முதலுதவிக்குப் பொறுப்பானவர் கையில் கட்டும் பச்சைப் பட்டை ஒன்றுதான் இருந்தது. யார் கட்டுவது, யார் பெயரைச் சுவரில் எழுதுவது என்று மேனேஜர் கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் தனியாக அவர் அறைக்குப் போனேன். "அக்கா நல்லவங்கதான் சார். ஆனா ரத்தத்தைப் பாத்தா கை நடுங்குது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றேன். பொய். சுத்தமான பொய். அவர் அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிப் பைலில் வைத்தார். அக்காவின் கார்டு இரண்டு வருடம் சும்மா கிடந்து காலாவதியானது. இப்படி எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

வகுப்புக்கு இன்னும் ஒன்பது நாள். மடிப்பு மேசையில் விரிப்பைப் பிடித்தபடி மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, மறுபடி அந்த வகுப்புக்கு வர்றீங்களா?"

அவள் விரிப்பை உதறி நீட்டினாள். "எதுக்கு?"

"எம் பொண்ணு தெருவுல உக்காந்திருக்கா அக்கா." எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாப், எட்டு மணி, ஆளுங்க இருக்காங்க என்று அவள் சொன்னது. சொல்லச் சொல்ல என் மூலை கோணிக்கொண்டு போனது. அக்கா பிரித்து மடிக்கச் சொல்லவில்லை.

"என்னை யாரும் வீட்டுல தேட மாட்டாங்க. பசங்க ரெண்டும் வெளியூரு. உள்ளயே கெடக்க எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு, "ஆனா என் கை நடுங்குமே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருடமாக என் எதிரே நின்று, தினமும் முந்நூறு விரிப்பு மடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"அக்கா, அது..."

"சொன்னது யாருன்னு கிளார்க் அன்னைக்கே சொல்லிட்டாரு. சண்டை போடலாம்னுதான் வந்தேன். அப்புறம் யோசிச்சேன், இவ ஏன் பொய் சொல்லப்போறா, ஒருவேளை நடுங்குதோ என்னவோன்னு. வீட்டுக்குப் போயி கையை நீட்டிப் பாத்தேன்." அவள் விரிப்பை மேசையில் வைத்துவிட்டு வலது கையை என் முன்னால் நீட்டினாள். விரல்கள் லேசாக ஆடின. "அதுக்கு முன்னாடி நடுங்கல. நீ சொன்னதுக்கப்புறம்தான் நடுங்குது."

நான் அழுதேன். வேலை நேரத்தில், நாலு பேர் பார்க்க. துணி மூட்டைகளுக்கு நடுவே அழுவதற்கு ஒரு வசதி, முகத்தைத் துடைக்கத் தேட வேண்டாம். அக்கா சமாதானப்படுத்தவில்லை. நான் ஓய்ந்ததும் சொன்னாள்:

"வர்றேன். ஆனா ஒண்ணு. அந்தப் பேப்பர் பைல்ல இருக்கக் கூடாது. நீயே போயி, என் முன்னாடி, பொய்யின்னு சொல்லணும்."

"சொல்றேன் அக்கா."

"இப்ப சுலபமா சொல்லிடுவ. அன்னைக்குப் பாக்கலாம்."

அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கு நாங்கள் இருவரும் சாப்பிட்ட கையோடு ஒரு துணி மூட்டையைத் தரையில் கிடத்தி அழுத்திப் பழகினோம். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மூட்டைக்கு எப்படி மூச்சு கொடுப்பது என்று தள்ளுவண்டி அண்ணன் கேட்டார். அக்கா ஒருமுறை அழுத்திய வேகத்தில் மூட்டை பிரிந்து உள்ளாடைகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. "ஆள் பொழைச்சிட்டாரு, கொடல்தான் வெளிய வந்துருச்சு" என்றார் அண்ணன். அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் நாலு வருடத்தில் பார்த்ததில்லை.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய ஹாலில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பொம்மையின் தோளில் ஒரு விளக்கு. அழுத்தம் சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. என் முறையில் பச்சை எரிந்தது. பெருமைப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

அக்கா மண்டியிட்டாள். கையை வைத்தபோதே விரல்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. சிவப்பு. மறுபடி சிவப்பு. சுற்றி நின்ற இருபது பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். நான் பொம்மையின் காலடியில் நின்று நகத்தைக் கடித்தேன். இவள் தோற்றால் எனக்கு இன்னும் இரண்டு வருடம். மகள் ஒன்பதாவதுக்குப் போய்விடுவாள். அந்த நேரத்திலும் என் கணக்குதான் எனக்கு. அக்காவைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

பயிற்சியாளர் குனிந்தார். "ஏம்மா, விரலை ஏன் பாக்குறீங்க? விரலுக்கு இங்க வேலையே இல்ல. முழங்கையை மடக்காதீங்க. தோள்லருந்து இறக்குங்க. விரல் பாட்டுக்கு ஆடிட்டுப் போகட்டும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அழுத்தினாள். பச்சை. முப்பதும் பச்சை. கட்டுப் போடும்போது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தாள், ஆனால் துணியின் ஓரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. பயிற்சியாளர் முடிச்சை இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. இரண்டு பேருக்கும் அன்றே கார்டு கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒன்றரை மணிக்கே நாங்கள் மேனேஜர் அறையில் நின்றோம். அக்காவின் கார்டை மேசையில் வைத்தேன். இந்த வாரமே காலை ஷிஃப்ட் என்று மனசு துள்ளியது. அவர் கார்டைப் பார்த்தார். பிறகு பைலை எடுத்தார். அந்தத் தாள் மஞ்சளாகியிருந்தது.

"கை நடுங்கும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அது பொய் சார்."

"இப்பவும் நடுங்குதே." அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு நடுங்கல சார். நான் அந்தப் பட்டையைக் கட்டிக்கணும்னு பொய் சொன்னேன். அது அவங்க மனசுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. நடுங்கினாலும் அவங்க செய்வாங்க. வகுப்புல கேட்டுப் பாருங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வியர்த்திருந்தது. "சரி. பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, இவங்க பேரைச் சேத்துடறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பாதுகாப்பு விஷயத்துல பொய்த் தகவல் குடுத்தவங்க பேரை நான் சுவர்ல வைக்க முடியாது. ஆறு மாசத்துக்கு எந்த சலுகையும் தர முடியாது. ஷிஃப்ட் மாத்தறதும் சலுகைதான். ரூல் அப்படி. நான் போட்டது இல்ல."

"காலை ஷிஃப்ட்?"

"ஆறு மாசம் கழிச்சு எழுதிக் குடுங்க, பாக்கலாம். இல்ல, இதை எழுதவே வேணாம்னா விட்டுடுங்க. எப்பவும்போல நீங்களே இருங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டு பக்கமும் சுவர். எழுதாவிட்டால் நானேதான் டாக்டரம்மா, இன்னும் இரண்டு வருடம், அதற்கப்புறம் இன்னும் இரண்டு. எழுதினால் காலை ஷிஃப்ட் கிடையாது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் கொடுத்த வார்த்தை எனக்கு நினைவிருந்தது. எழுதியதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் நல்லவளாகிவிடுவேன். எனக்கு வேறொன்றும் தோன்றியது.

"சார், சுவர்ல பேர் இல்லாதவங்க சாப்பாட்டு நேரத்துல கேட்டைத் தாண்டிப் போகலாம் இல்ல?"

அவருக்குப் புரியவில்லை. "போகலாம். எல்லாரும் போறாங்களே."

நான் எழுதினேன். நான் சொன்னது பொய், அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை, பதவி ஆசையில் சொன்னேன். பதவி என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு முழத் துணிப் பட்டை. கையெழுத்துப் போட்டேன். அக்கா பழைய தாளைக் கையில் வாங்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நாலாக மடித்துக் கிழித்தாள். மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு மேனேஜர் அக்காவின் முகத்தைத் தேடினார். பாய்லர் எரிந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு மணி அடித்ததும் டப்பாவைத் தொடாமல் ஓடினேன். கேட்டில் காவலாளி ஒரு கணம் கையை நீட்டித் தடுத்தார், பிறகு நினைவு வந்து இறக்கினார். வேகமாக நடந்ததில் ஒன்பது நிமிடத்தில் போய்விட்டேன். மகள் பெஞ்சின் கடைசியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடி. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். பத்து நிமிஷம் இருப்பேன். இனிமே தினமும் வருவேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பையை நகர்த்தவில்லை, ஆனால் தள்ளியும் போகவில்லை. சாப்பிட்டியா என்றேன். ம் என்றாள். அந்த பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர ஒரு ஆளும் இல்லை. எதிரே ஒரு பூட்டிய கிடங்கு, ஒரு கம்பம், அவ்வளவுதான்.

"ஆளுங்க இருக்காங்கன்னு சொன்ன. ஒருத்தரையும் காணோம். இங்க எதுக்குடி வந்து உக்கார்ற?"

அவள் மோவாயைத் தூக்கிக் காட்டினாள். கிடங்குக் கூரைக்கு மேலே எங்கள் லாண்டரியின் புகைபோக்கி. வெள்ளையாக நீராவி வந்துகொண்டிருந்தது.

"நீ இல்லன்னா பாய்லர் போட மாட்டாங்கன்னு நீதானே சொன்ன. அது வந்தா நீ உள்ள இருக்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி நீராவியைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"நீ இங்க இருக்க. அது எப்படி வருது?"

"இப்ப வேற ஒரு அக்கா இருக்காங்க. இனிமே நான் இல்லாமலும் வரும்."

எனக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது, எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப நீ எங்க இருக்கேன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள்.